அது மாலினி இல்லை

ஆசிரியர் அவர்கட்கு,

இம்மாதம், 2025 ஜூலை 14 ஆம் திகதி, பெங்களூரில் காலமான சரோஜாதேவி அம்மையாருக்கு நீங்கள் ஒதுக்கிய முழுப் பக்கத்தைப் பார்த்தேன். வர்ணப் படங்கள் ஆறு. எம்.ஜி.ஆருடன் ஒன்று, சிவாஜியுடன் ஒன்று, ஜெமினியுடன் ஒன்று, வயதான காலத்தில் எடுத்தவை மூன்று. 87 வயது வரைக்கும் வாழ்ந்து போன மனுசி. அந்தப் பக்கத்தை நான் கத்தரித்து வைத்திருக்கிறேன், குறை சொல்வதற்காக அல்ல. என் அம்மா அவருடைய பரம ரசிகை. எங்கள் அப்பாவின் பெயர் கோபால் இல்லை. ஆனாலும் கல்யாண வீடுகளுக்குப் புறப்படும்போது, புதுச் சேலையின் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, 'புதிய பறவை'யில் சரோஜாதேவி சிவாஜியைக் கூப்பிடுவது போல "கோப்பா...ல், போவமா?" என்று அம்மா அவரைக் கூப்பிடுவார். அப்பா வெட்கப்பட்டுச் செருப்பைத் தேடுவார். அந்தப் பக்கத்தை அம்மா உயிரோடிருந்து பார்த்திருக்க வேண்டும்.

நான் எழுத வந்தது அதைப் பற்றி அல்ல. மே மாதத்தில் நீங்கள் போட்ட இன்னொரு செய்தியைப் பற்றி.

மே 24, சனிக்கிழமை, சிங்களத் திரை நடிகை மாலினி பொன்சேகா கொழும்பில் காலமானார். 78 வயது. மறுநாளோ அதற்கு மறுநாளோ உங்கள் பத்திரிகையில் உள்பக்கத்தில், ஒரு காணி விற்பனை விளம்பரத்துக்கு மேலே, செய்தி வந்தது. பதினொரு வரி. எண்ணித்தான் சொல்கிறேன். தலைப்பு: "சிவாஜியின் இலங்கை ஜோடி மரணம்". பக்கத்திலே தபால் முத்திரையை விடச் சற்றே பெரிதாக ஒரு படம். அது மாலினியின் படம் இல்லை, ஐயா. வேறொரு சிங்கள நடிகையின் படம். அந்த அம்மையார் நலமாக இருக்கிறார். உங்கள் பத்திரிகை சிங்கள வீடுகளுக்குப் போவதில்லை என்பதால் தப்பித்தீர்கள்.

உடனே உங்கள் காரியாலயத்துக்கு டெலிபோன் எடுத்தேன். ஒரு தம்பி பேசினார். மரியாதையான பிள்ளைதான், குற்றம் சொல்ல மாட்டேன். விஷயத்தைச் சொன்னதும், "அப்படியா அம்மா? பழைய நடிகைமார் எல்லாரும் ஒரே மாதிரித்தானே இருக்காங்க" என்றார். திருத்தம் போடுவீர்களா என்று கேட்டேன். எடிட்டரிடம் சொல்கிறேன் என்றார். ஜூன் முழுக்கப் பார்த்தேன். ஜூலையும் முடியப் போகிறது. சரோஜாதேவி பக்கம் வந்த அன்று மறுபடி நினைவு வந்தது, பேனாவை எடுத்தேன்.

இந்தக் கிழவிக்கு ஏன் இவ்வளவு ரோஷம் என்று நீங்கள் கேட்கலாம். நான் ஒரு ஒப்பரேட்டரின் மகள். கம்பியூட்டர் ஒப்பரேட்டர் இல்லை, தியேட்டர் ஒப்பரேட்டர். கொழும்பில் ஒரு படமாளிகையில் அப்பா பதினெட்டு வருஷம் மெசின் ஓட்டினார். மேலே ஒரு சின்ன அறை, இரண்டு மெசின், நடுவில் ஒரு ஸ்டூல், ஓயாமல் சத்தம் போடும் ஒரு விசிறி. பல்ப் கிடையாது, இரண்டு கார்பன் குச்சிகளை எதிரெதிரே வைத்து, அவற்றுக்கிடையே எரியும் நெருப்பிலேதான் படம் ஓடும். குச்சி எரிந்து குறையக் குறைய ஒப்பரேட்டர் அதைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் திரையில் எம்.ஜி.ஆர். மஞ்சளாகிப் பிறகு கறுத்துப் போவார், கலரியிலிருந்து விசில் பறக்கும். ஒரு ரோல் சுமார் இருபது நிமிஷம். முடியப் போகும்போது திரையின் வலப்பக்க மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும், சில வினாடி கழித்து இன்னொன்று. முதல் புள்ளிக்கு அடுத்த மெசினை ஓடவிட வேண்டும், இரண்டாவது புள்ளிக்கு மாற்ற வேண்டும். அப்பாவோடு படம் பார்த்தால் கதாநாயகி சாகும் கட்டத்திலும் அவருடைய கண் வலப்பக்க மூலையில்தான் இருக்கும். ரூபவாஹினி டீவியில் பழைய படம் போட்டாலும் அப்படித்தான். "வருது, வருது" என்பார். பகைவன் வருகிறானாக்கும் என்று நாங்கள் பயப்படுவோம்.

அறுந்த பிலிமை ஒட்டும்போது இரண்டொரு கட்டத்தை வெட்டி எறிய வேண்டியிருக்கும். அந்தத் துண்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவார். அவரிடம் எப்போதும் பிலிம் ஒட்டும் பசையின் வாசம் அடிக்கும், நகப்பூச்சு அழிக்கிற மருந்தைப் போல. எரிந்து முடிந்த கார்பன் கட்டைகளையும் கொண்டு வருவார், மேலே செப்புப் பூச்சு பூசியிருக்கும். தெருப் பிள்ளைகளிடம் ஒரு கட்டைக்கு மூன்று மாபிள் என்று நாங்கள் மாற்றுவோம்.

சிவாஜியும் மாலினியும் நடித்த 'பைலட் பிரேம்நாத்' (1978) அப்பாவின் தியேட்டரிலும் ஓடியது. எனக்கு அப்போது இருபது வயது இருக்கும். பெண்பிள்ளைகள் தனியே படத்துக்குப் போகக் கூடாது என்று சட்டம் போட்ட வீடு. அப்பாவின் தியேட்டர் என்றபடியால் எனக்கு மட்டும் விதிவிலக்கு. திருலோகசந்தர் இயக்கம், எம்.எஸ்.வி. இசை, கூடவே ஸ்ரீதேவி. எல்லாம் சரி. ஆனால் டி.எம்.எஸ்ஸும் வாணி ஜெயராமும் பாடிய அந்த 'இலங்கையின் இளங்குயில்' தொடங்கியதும் தியேட்டருக்குள்ளே எழுந்த சத்தம் சிவாஜிக்காக மட்டும் எழுந்ததில்லை. கலரியில் பாதிப் பேர் சிங்களவர். அவர்கள் தங்கள் மாலினியைப் பார்க்க வந்திருந்தார்கள், நாங்கள் எங்கள் சிவாஜியைப் பார்க்கப் போயிருந்தோம். இரண்டு கூட்டமும் ஒரே பாட்டுக்கு விசில் அடித்தது. அதற்கு ஐந்து வருஷத்துக்குப் பிறகு, 83 ஜூலையில், தமிழருக்கு நடந்ததை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அதனால்தான் "சிவாஜியின் ஜோடி" என்ற தலைப்பு எனக்குக் குத்துகிறது. பொய் என்று சொல்லவில்லை. நடித்தார்தான். நூற்றுக்கு மேற்பட்ட படங்களில் அது ஒன்று. 1968 இல் திரைக்கு வந்தவர். எழுபதுகளிலேயே மொஸ்கோவிலும் புதுடில்லியிலும் பரிசு வாங்கியவர். பிறகு தானே படம் இயக்கியவர். 2010 இல் சி.என்.என். ஆசியாவின் மிகச் சிறந்த இருபத்தைந்து நடிகர்களைப் பட்டியல் போட்டபோது அதில் இருந்தவர். நம் ஊரில் பிறந்து, நம் ஊரிலேயே வாழ்ந்து, நமக்கு இரண்டு பஸ் தூரத்தில் செத்துப்போன ஒருவரை, தமிழ்நாட்டுச் சினிமாவோடு சேர்ந்த அந்த ஒரு படத்தை வைத்துத்தான் நமக்கு அடையாளம் தெரிய வேண்டுமா? கொழும்பு வெள்ளவத்தையில் குடியிருக்கிறவர் சென்னைக் கோடம்பாக்கத்தின் வழியாகத்தான் கொழும்புப் பொரளைக்குப் போவாராக்கும்.

'நிதானய' படத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1972 இல் எடுத்தது, வெனிஸில் பரிசு பெற்றது. புதையல் எடுப்பதற்குக் கழுத்திலே நான்கு மச்சம் உள்ள பெண்ணைப் பலி கொடுக்க வேண்டும் என்று நம்புகிற ஒரு வளவுக்காரர், பழைய பெருங்குடும்பத்து மனுசர், அப்படி ஒருத்தியைத் தேடிப்பிடித்துக் கல்யாணம் முடிக்கிறார். அவர் காமினி பொன்சேகா, அவள் மாலினி. அப்பாவோடு அதை வீட்டில் டீவியில் பார்த்தேன். அப்பாவுக்குச் சிங்களம் தியேட்டர் சிங்களம், எனக்குக் கந்தோர்ச் சிங்களம். இரண்டுக்கும் அந்தப் படத்தில் வேலை இல்லை, ஏனென்றால் மாலினி அதில் அதிகம் பேசுவதில்லை. புருஷன் தன்னை அன்பாகத்தான் பார்க்கிறான் என்று அவள் நம்பிக்கொண்டிருப்பாள். அவன் பார்ப்பது அவளுடைய கழுத்தை. நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அந்த நம்பிக்கையை முகத்தில் வைத்துக்கொண்டே படம் முழுக்க நடமாடுவார். ஒரு தடவையாவது நடிக்கிற மாதிரித் தெரிந்தால் கேளுங்கள். அன்றைக்கு மட்டும் அப்பா வலப்பக்க மூலையைப் பார்க்கவில்லை.

மே 25 ஆம் திகதி பேத்தியைக் கூட்டிக்கொண்டு திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் தரங்கனி மண்டபத்துக்குப் போனேன். கொட்டாஞ்சேனையிலிருந்து பொரளைக்கு பஸ், அங்கிருந்து ஓட்டோ. பூதவுடலை அங்கேதான் வைத்திருந்தார்கள். மறுநாள் சுதந்திர சதுக்கத்தில் அரச மரியாதையுடன் இறுதிக் கிரியை. பெரிய போலிம், நீண்ட வரிசை. எல்லாரும் வெள்ளை, நான் இளநீலச் சேலை. என்னிடம் நல்ல வெள்ளைச் சேலை இல்லை. எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மா, எண்பது வயதிருக்கும், திரும்பி என் பொட்டைப் பார்த்துவிட்டு, சிங்களத்தில், தமிழா என்று கேட்டார். ஓம் என்றேன். எதற்குக் கேட்கிறாரோ என்று ஒரு கணம் வயிறு இறுகியது. அது எங்கள் வயதுக்காரருக்குப் பழக்கமாகிவிட்ட இறுக்கம், அவர் மேல் பிழையில்லை. அவர் சொன்னது இதுதான்: அந்தத் தமிழ்ப் படத்தை ஐந்து தடவை பார்த்தாராம். ஒரு சொல் விளங்கவில்லையாம். மூன்று பிள்ளைகளில் ஒன்று தன் பிள்ளை இல்லை என்று சிவாஜிக்குத் தெரிய வருகிற இடத்தில் ஐந்து தடவையும் அழுதாராம். "விளங்காமல் எப்படி அழுதீர்கள்?" என்று என் பேத்தி கேட்டாள். "அவருடைய கன்னம் துடித்ததே" என்றார். சிவாஜி ரசிகர் மன்றக்காரர் யாராவது இந்தக் கடிதத்தை வாசித்தால் குறித்துக்கொள்ளுங்கள், இதைவிடப் பெரிய பட்டம் யாரும் கொடுத்ததாக நான் கேள்விப்படவில்லை.

கனடாவில் இருக்கிற என் தம்பிக்கு இந்தக் கதையை வாட்ஸப்பில் சொன்னேன். அவனுக்குப் பிடிக்கவில்லை. "83 ஐ மறந்திட்டியா அக்கா? 2010 இல அவ யாருடைய ஆளாப் பாராளுமன்றத்துக்குப் போனவ எண்டும் மறந்திட்டியா?" என்று திருப்பிக் கேட்டான். மறக்கவில்லை. தேசியப் பட்டியலில் எம்.பி. ஆனார், யுத்தம் முடிந்த கையோடு, ஆளும் கட்சியில். எனக்கும் அது பிடிக்கவில்லை, அன்றைக்கும் பிடிக்கவில்லை. ஆனால் நமக்குப் பிடித்த தமிழ் நட்சத்திரங்கள் ஏறாத மேடையா? அவர்களுக்கு மட்டும் நாம் ஒரு முழுப் பக்கமும் ஆறு வர்ணப் படமும் போடுவதில்லையா? தம்பி அதற்குப் பதில் எழுதவில்லை. ஒரு கும்பிடு படம் அனுப்பினான். அது எந்த அர்த்தத்தில் என்று தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே மே மாதத்தில் பிரான்ஸில் கான் விழா நடந்தது, மாலினி செத்த அன்றுதான் விழா முடிந்தது. அங்கே பழைய படங்களைப் புதுப்பித்துக் காட்டும் பிரிவில் சுமித்ரா பீரிஸ் 1978 இல் எடுத்த 'கெஹெனு லமாய்' காட்டப்பட்டது. இந்தியாவிலுள்ள பிலிம் ஹெரிடேஜ் பவுண்டேஷன் முன்னின்று புதுப்பித்திருக்கிறது. இலங்கையிலே ஒரு பெண் எடுத்த படம் 47 வருஷத்துக்குப் பிறகு கானில் ஓடுகிறது. உங்கள் சினிமாப் பக்கத்தில் கான் விழா வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். மும்பை நடிகைமார் சிவப்புக் கம்பளத்தில் உடுத்தியவை வந்தன. ஒரு உடுப்பின் வால் எத்தனை அடி என்பது கூட வந்தது. சுமித்ராவின் பெயர் வரவில்லை.

சிங்களப் படம் நமக்கு எதற்கு என்று சிலர் கேட்பார்கள். அந்தச் சிங்களப் படத்தைத் தொடக்கி வைத்தவர்களே நம் ஆட்கள்தான். 1947 இல் வந்த முதல் சிங்களப் பேசும் படத்தைத் தயாரித்தவர் எஸ்.எம். நாயகம், எடுத்த இடம் மதுரை. அதே வருஷம்தான் மாலினியும் பிறந்தார். லெஸ்டரின் 'சந்தேசய' படத்துக்குப் பணம் போட்டவர் சினமாஸ் லிமிட்டெட் கே. குணரத்தினம். அவருடைய ஹெந்தல விஜயா ஸ்டூடியோ 83 ஜூலையில் எரிந்தது. எத்தனை நெகட்டிவ், தமிழும் சிங்களமுமாக. சிங்களப் படங்களை இயக்கிய கே. வெங்கட் என்ற தமிழரை அதே நாட்களில் கொன்றார்கள். இதைச் சொல்ல வேறு மாதம் தேட வேண்டியதில்லை, இந்த மாதம்தான் அந்த மாதம். கறுப்பு ஜூலைக்கு நீங்கள் வருஷாவருஷம் போடுகிற பக்கத்தில் அந்த ஸ்டூடியோவுக்கு ஒரு பந்தி கொடுங்கள். சினிமாக்காரர் என்றால் சிரிப்பான விஷயம் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

எங்கள் வீட்டுக் கதையையும் சொல்லி முடிக்கிறேன். 83 ஜூலை 25 ஆம் திகதி காலையில் பின்வாசலால் ஓடும்போது அம்மா ஒரு மலிபன் பிஸ்கட் ரின்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பிறப்புச் சான்றிதழ்களும், அம்மாவின் தாலிக்கொடியின் அடகுச் சீட்டும் இருந்த ரின் அது என்று நினைத்துத்தான். அகதி முகாமில் இரண்டாம் நாள் திறந்து பார்த்தால், அதற்குள்ளே ஏழு கார்பன் கட்டை, ஒரு வெட்டுக் கத்தி, பிலிம் துண்டுகள். சான்றிதழ் ரின் வீட்டோடு எரிந்துவிட்டது. அம்மா அப்பாவைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணுக்குள்ளே நிற்கிறது. "இதையா நான் நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ஓடியாந்தேன்?" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, சிரிக்கத் தொடங்கினார். பக்கத்துப் பாயில் இருந்தவர்களுக்குப் பயம் பிடித்துவிட்டது. அப்பா அதற்குப் பிறகு மெசின் ஓட்டவில்லை. தியேட்டரும் இல்லை. 1996 இல் அவர் போகும்வரை ஒரு கடையில் கணக்கு எழுதினார். எங்கள் பிறப்புச் சான்றிதழ்களின் பிரதி எடுக்க நான் கச்சேரிக்கு, அந்த அரச காரியாலயத்துக்கு, நடந்த நடையை எழுதினால் உங்களுக்கு இன்னொரு கடிதம் வேண்டும்.

ரின் இன்னும் என்னிடம் இருக்கிறது. பிலிம் துண்டுகளில் ஒன்றில், அடுத்தடுத்து மூன்று கட்டம், மாலினி நிற்கிறார். தலையைச் சற்றே இடப்பக்கம் திருப்பியிருக்கிறார். மூன்றாவது கட்டத்தில் அந்தத் திருப்பம் ஒரு மயிரிழை கூடியிருக்கிறது. அந்தக் காலத்து வர்ணப் பிலிம் வெளுத்துப் போய்விட்டது. முதலில் நீலம் போனது, பிறகு பச்சை, இப்போது முழுவதும் சிவப்பு. ஜன்னலுக்கு நேரே பிடித்தால் நன்னாரி சர்பத்துக்குள்ளே நிற்பது போல இருக்கிறார். பேத்தி போன வாரம் அதைத் தன் போனின் வெளிச்சத்தில் வைத்து, இன்னொரு போனால் படம் பிடித்து, கறுப்பு வெள்ளையாக்கிக் காட்டினாள். முகம் தெளிவாகத் தெரிகிறது. ஓரத்து ஓட்டைகள் கூடத் தெரிகின்றன.

எனக்கு முழுப் பக்கம் வேண்டாம், வர்ணமும் வேண்டாம். பதினொரு வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். அதன் பக்கத்தில் போட உங்களிடம் சரியான படம் இல்லையென்றால் இந்தத் துண்டைத் தருகிறேன். தபாலில் அனுப்ப மாட்டேன். நானே எடுத்துக்கொண்டு வருவேன், நீங்கள் படம் பிடித்து முடியும்வரை பக்கத்திலே நிற்பேன், பிறகு ரின்னிலே போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவேன். டெலிபோனில் பேசிய அந்தத் தம்பியும் அன்றைக்கு வேலையில் இருந்தால் நல்லது. ஜன்னல் பக்கமாக வந்து ஒருமுறை பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஒப்பரேட்டர் மகள்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.